வழிநிற்றல்: கூட்டுக்கலைகளாக நாடகமும் திரைப்படமும்

ஆய்வுச்சுருக்கம்

நாடகமும் திரைப்படமும் பலர் கூடிப் படைக்கும் கலைகள். ஆயினும் இவற்றை ஆராயும்போது நாடகத்தை ஆசிரியரின் நூலாகவும், திரைப்படத்தை நடிகரின் அல்லது இயக்குநரின் படைப்பாகவும் மட்டும் காணும் போக்கு மிகுந்துள்ளது. பலர் கூடுவதால் மட்டும் கூட்டுக்கலை அமைவதில்லை. ஒருவர் மற்றவரின் வழிநின்று இயங்குவதாலேயே அது அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. தெருக்கூத்து, ஸ்பெஷல் நாடகம், தமிழ்த் திரைப்படம் ஆகியவற்றில் வழிநிற்றல் எவ்வெவ்வாறு நிகழ்கிறது என்பதும், கூட்டுப் படைப்பில் பெயர் பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பதும் தொடர்ந்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூட்டுக்கலை, வழிநிற்றல், அரங்கேற்று காதை, தெருக்கூத்து, ஸ்பெஷல் நாடகம், திரைப்படம், பின்னணிப் பாடல்.

முன்னுரை

கவிதையையோ சிறுகதையையோ ஒருவர் தனித்திருந்து எழுதி முடிக்கலாம். அதனை ஒருவர் தனித்திருந்து படித்தும் முடிக்கலாம். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இவ்வாய்ப்பு இல்லை. எழுதுபவர், நடிப்பவர், இசைப்பவர், அரங்கமைப்பவர், ஒளியமைப்பவர் எனப் பலரது உழைப்பு ஒன்றுசேராமல் இக்கலைகள் பார்வையாளரைச் சென்றடைவதில்லை. முத்தமிழுள் நாடகத்தை இறுதியில் வைத்து எண்ணும் மரபுக்கு, இயலும் இசையும் தன்னுள் அடங்கப் பெற்றது நாடகம் என்று காரணம் கூறுவர். இக்கூற்று கலைகளின் சேர்க்கையைச் சுட்டுகிறது. கலைஞர்களின் சேர்க்கை எத்தகையது என்னும் வினா இதனினும் வேறானது. இயலும் இசையும் கூத்தும் ஓரிடத்தில் கூடுவதற்கு, இயல் வல்லாரும் இசை வல்லாரும் கூத்து வல்லாரும் தம்முள் எவ்வகை உறவு கொள்ள வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டுக்கலை: பொருள் விளக்கம்

பலர் சேர்ந்து செய்யும் செயல்கள் அனைத்தும் கூட்டுக்கலை ஆவதில்லை. பல புலவர்கள் பாடிய பாடல்களைத் திரட்டிய தொகைநூலில் பலரது படைப்புகள் உள்ளன. எனினும் ஒரு புலவரின் பாடல் மற்றொருவரின் பாடலால் மாற்றம் அடைவதில்லை. ஒன்றை நீக்கினாலும் மற்றது நிற்கும். நாடகத்திலோ, மத்தளம் வாசிப்பவர் மாறினால் நடிகரின் அடிவைப்பு மாறும். ஒளி மாறினால் முகத்தின் பொருள் மாறும். ஒருவரது பங்களிப்பு மற்றவரது பங்களிப்பின் தன்மையையே மாற்றும் இடத்தில்தான் கூட்டுக்கலை தொடங்குகிறது. எனவே இக்கலைகளில் திறமை என்பது தன் தொழிலை நன்கு செய்வது மட்டுமன்று. எப்போது முன்செல்வது, எப்போது பின்நிற்பது என்று அறிவதும் ஆகும்.

அரங்கேற்று காதை காட்டும் கூட்டமைப்பு

இவ்வுறவைத் தமிழில் விரிவாக எடுத்துரைக்கும் பழம்பகுதி சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆகும். மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். அவள் ஆடுவதைச் சொல்வதற்கு முன்னரே இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளை வரிசைப்படுத்துகிறார். அதன்பின் அரங்கின் அளவுகள் கூறப்படுகின்றன. இருபத்துநான்கு பெருவிரல் அளவுடைய கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள் உள்ளன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்படுகின்றன. ஆடுபவளின் கலை, தச்சரின் அளவுகோலையும் விளக்கமைப்பவரின் கண்ணையும் சார்ந்திருந்தது என்பதற்கு இப்பகுதி சான்றாகிறது.

அறுவரின் தகுதிகளைக் கூறும் முறை இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. இசையாசிரியன் யாழ், குழல், தாளம், மிடற்றுப் பாடல், தண்ணுமை, ஆடல் ஆகிய அனைத்தையும் இசைவிக்க அறிந்தவனாக இருத்தல் வேண்டும். தண்ணுமையாசிரியன் பிற கருவிகளில் நேரும் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் வல்லவனாக இருத்தல் வேண்டும். அதாவது அவனது தகுதியின் ஒரு பகுதி, அவனது கருவிக்கு வெளியே இருக்கிறது. தன் கருவியை வாசித்துக்கொண்டே மற்றவர்களது கருவிகளைக் கேட்பவனே சிறந்த தண்ணுமையாசிரியன்.

அரங்கேற்றம் தொடங்கும்போது இக்கருத்து செயல்வடிவம் பெறுகிறது. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் வழியே முழவும் நிற்க, முழவுடன் ஆமந்திரிகை கூடி ஒலித்ததாகக் காப்பியம் கூறுகிறது. ஒன்றன் வழியில் மற்றொன்று நிற்றலாகிய இவ்வொழுங்கையே இக்கட்டுரை 'வழிநிற்றல்' என்னும் சொல்லால் குறிக்கிறது. வழிநிற்றல் அடிமைப்படுதல் அன்று. யாழ் குழலின் வழிநிற்பதால் யாழின் ஓசை குறைவதில்லை; குழலுக்கு அடுத்து எழுவதால் அது தனித்துக் கேட்கிறது.

தெருக்கூத்தில் வழிநிற்றல்

வடதமிழக மாவட்டங்களில் நிகழும் தெருக்கூத்தில் வழிநிற்றலைக் கண்முன் காணலாம். வேடமிட்டவர் திரைக்குப் பின்னிருந்து பாடி, ஆடி, பின்னர் வெளிப்படுவார். அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவர். அவ்விடைவெளியில் வேடக்காரர் மூச்சு வாங்குகிறார், அடிவைத்து ஆடுகிறார், அடுத்த அடிக்கு ஆயத்தமாகிறார். இரவு முழுவதும் கனமான கட்டைகளை அணிந்து ஒருவர் ஆடமுடிவது பின்பாட்டுக்காரரின் குரல் அவரைத் தாங்குவதாலேயே ஆகும். மத்தளக்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கிறார். ஆடுபவர் மத்தளத்தைக் கேட்டுக் கால்வைக்கிறார். யார் யாருக்கு வழிகாட்டுகிறார் என்பது கணத்திற்குக் கணம் மாறுகிறது.

கட்டியங்காரன் இக்கூட்டமைப்பின் மற்றொரு முனையில் நிற்கிறான். அவன் வேடத்தை அவைக்கு அறிமுகம் செய்கிறான், வினா எழுப்புகிறான், கதையை நிகழ்கால ஊரோடு இணைக்கிறான். திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். இறுதியில் படுகளச் சடங்கில் ஊராரும் பங்கேற்பர். இங்குப் பார்வையாளரும் கூட்டமைப்பின் புறத்தே இருப்பதில்லை.

ஸ்பெஷல் நாடகம்: ஒத்திகையற்ற ஒருங்கிணைவு

கூட்டுக்கலைக்கு ஒத்திகை இன்றியமையாதது என்று கருதுவது இயல்பு. ஸ்பெஷல் நாடகம் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. இதில் நடிகர்கள் நிலையான ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களின் நடிகர் சங்கங்கள் வழியாக ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனக்காரர், ஆர்மோனியக் கலைஞர், மிருதங்கக் கலைஞர் ஆகியோர் ஒரு நாடகத்திற்கெனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுகின்றனர். அவர்கள் நாடகம் நடைபெறும் ஊரில் அன்றிரவே சந்திப்பதும் உண்டு. ஒத்திகையும் இல்லை, இயக்குநரும் இல்லை. எனினும் 'வள்ளி திருமணம்' விடியும்வரை நடைபெறுகிறது.

இதனை இயலச்செய்வது பொதுவான பாடமே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களின் பாடல்களும், அவற்றின் காட்சி ஒழுங்கும் கலைஞர்கள் அனைவரும் அறிந்தவை. வள்ளியும் நாரதரும் புரியும் தர்க்கத்தில் ஒருவர் தம் திறத்தால் புதிய வினாவை எழுப்பினாலும், மீண்டு வருவதற்கு இருவருக்கும் தெரிந்த பாடல் ஒன்று காத்திருக்கிறது. ஆர்மோனியக் கலைஞர் சுருதியைத் தந்து அவ்விடத்தைச் சுட்டிக்காட்டுகிறார். தெருக்கூத்தில் ஒருவர் மற்றவரின் வழிநிற்பதோடு, ஸ்பெஷல் நாடகத்தில் அனைவரும் பாடத்தின் வழிநிற்கின்றனர்.

சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலான பாலர் சபைகள் இதற்கு மாறான அமைப்புடையவை. அங்குச் சிறுவர்கள் ஒன்றாக உண்டு, உறைந்து, வாத்தியாரிடம் பாடம் கேட்டனர். அவர்களை இணைத்தது நீண்டகாலக் கூட்டுவாழ்வும் ஆசிரியரின் கட்டுப்பாடும் ஆகும். டி. கே. எஸ். சகோதரர்கள் இம்மரபில் உருவானவர்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையோ, வேறு தொழில்களில் இருந்த கற்றவர்கள் ஆர்வத்தால் கூடிய அமைப்பாகும். பாடம், ஆசிரியர், ஆர்வம் எனக் கூட்டமைப்பை இணைக்கும் கயிறு வேறுபட்டபோதிலும், எல்லாவற்றிலும் கலைஞர்கள் ஒரே இரவில், ஒரே மேடையில், ஒருவரையொருவர் கேட்டு இயங்கினர் என்பது பொதுவான பண்பாகும்.

மேடையிலிருந்து திரைக்கு

1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதலாகத் தமிழ்ப் பேசும்படம் நாடக மேடையின் கலைஞர்களையும் கதைகளையும் பாடல்களையும் பெற்று வளர்ந்தது. அப்படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். தொடக்கக்காலப் படங்களில் நடிகரே பாடிக்கொண்டு நடித்தார். பக்கவாத்தியக் கலைஞர்கள் கேமராவின் பார்வைக்கு வெளியே அமர்ந்து வாசித்தனர். அதாவது படப்பிடிப்புத் தளத்திலும் மேடையின் உடனிகழ் வழிநிற்றலே தொடர்ந்தது.

1930களின் இறுதியில் பின்னணிப் பாடல் முறை தமிழில் அறிமுகமானபோது இந்நிலை மாறியது. பாடும் குரலும் நடிக்கும் உடலும் வெவ்வேறு ஆட்களுடையவை ஆயின. இரண்டும் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு இடங்களில் பதிவு செய்யப்பட்டன. மேடையில் ஒரே கணத்தில் நிகழ்ந்த கூட்டுச் செயல், திரைப்படத்தில் காலத்தால் பிரிக்கப்பட்டு, பின்னர் படத்தொகுப்பில் இணைக்கப்பட்டது. நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் கூட்டுக்கலை என்னும் நிலையில் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவேயாகும். நாடகத்தின் வழிநிற்றல் உடனிகழ்வானது. திரைப்படத்தின் வழிநிற்றல் தொடர்நிகழ்வானது.

கதை எழுதுவதும் திரைப்படத்தில் பலரது செயலாயிற்று. எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய 'சந்திரலேகா' (1948) படத்தின் கதை, ஜெமினி கதை இலாகாவின் ஆக்கமாகும். கொத்தமங்கலம் சுப்பு உள்ளிட்ட பலர் அவ்விலாகாவில் இருந்தனர். 'பராசக்தி' (1952) படத்திலோ இயக்குநரே இருவர்: கிருஷ்ணன், பஞ்சு. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், மு. கருணாநிதியின் உரையாடல், மேடையில் பயின்று வந்த சிவாஜி கணேசனின் நடிப்பு, ஆர். சுதர்சனத்தின் இசை ஆகியன அப்படத்தில் கூடின. நீதிமன்றக் காட்சியை நினைப்போர் உரையாடலையும் நடிப்பையும் நினைக்கின்றனர். அவ்வுரையாடலின் ஏற்ற இறக்கத்தைச் சிதையாமல் பதிவு செய்த ஒலிப்பதிவாளரும், நீண்ட பேச்சினிடையே எந்த முகத்தை எப்போது காட்டுவது என்று தேர்ந்த படத்தொகுப்பும் அந்நினைவிற்குள் பெயரின்றி இருக்கின்றனர்.

திரைப்படத்தில் வழிநிற்றல்: மூன்று சான்றுகள்

*பாடல்.* திரைப்பாடல் உருவாக்கத்தில் பெரும்பாலும் மெட்டு முதலில் அமைகிறது. பாடலாசிரியர் அதன் வழிநின்று சொற்களை அமைக்கிறார். சில வேளைகளில் சொல் முந்தி, மெட்டு அதன் வழிநிற்கிறது. பின்னர்ப் பாடகர் பாடுகிறார். நடிகர் அதற்கு வாயசைக்கிறார். டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் குரலை வேறுபடுத்திப் பாடினார் என்பது இசை ரசிகர்கள் நன்கறிந்த செய்தி. நடிகர் படப்பிடிப்பில் பாடகரின் குரலைப் பின்பற்றுகிறார். அதற்கு முன்பே, ஒலிப்பதிவுக் கூடத்தில், அங்கில்லாத நடிகரின் பேச்சுக் குரலைப் பாடகர் பின்பற்றியிருக்கிறார். உடனில்லாத ஒருவரை மனத்தால் கேட்டு வழிநிற்கும் இத்திறன் திரைப்படத்திற்கே உரியதாகும்.

*ஒளியும் தளமும்.* மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' (1987) படத்திற்காகச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தாராவியின் தெருக்களைத் தோட்டா தரணி அமைத்தார்; பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்தார். அப்படத்திற்குச் சிறந்த நடிகர், சிறந்த ஒளிப்பதிவு, சிறந்த கலை இயக்கம் ஆகிய மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. இம்மூன்றும் தனித்தனி விருதுகளாயினும், மூன்று தனித்தனிச் சாதனைகள் அல்ல. தளத்தின் குறுகிய சந்துகள் ஒளி எங்கிருந்து வரலாம் என்பதை வரையறுக்கின்றன. ஒளி விழுமிடம் நடிகரின் முகத்தில் எவ்வளவு தெரியலாம் என்பதை வரையறுக்கிறது. அதனை உணர்ந்து கமல்ஹாசன் தம் நடிப்பின் அளவைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கிறார். நிழல் விழுமிடம் பார்த்து விளக்கு நிறுத்திய புகார் நகர அரங்கின் அறிவு, இங்கு நிழலையே பொருளாக்கும் அறிவாக விரிந்துள்ளது.

*மௌனம்.* மகேந்திரன் 'தங்கப்பதக்கம்' முதலிய ஆக்கங்களின் வழி உரையாடலாசிரியராகப் புகழ்பெற்றவர். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை மூலமாகக் கொண்டு அவர் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தில் உரையாடல் மிகவும் குறைக்கப்பட்டுள்ளது. இறுதியில் ஆற்றங்கரையில் கூடிநிற்கும் ஊராரின் முகங்களும், ஓடும் நீரும், தனித்துவிடப்படும் குழந்தைகளும் பொருளைச் சுமக்கின்றன. சொல்லில் வல்ல ஒருவர், சொல்லைப் பின்னிறுத்தி, அசோக்குமாரின் ஒளிப்பதிவிற்கும் இளையராஜாவின் இசைக்கும் வழிவிட்டார். தாம் வல்ல துறையிலேயே மிகையை அடக்கிய இச்செயல், தண்ணுமையாசிரியனுக்குச் சொல்லப்பட்ட இலக்கணத்திற்கு நெருக்கமானது.

இயக்குநரின் இடம்

திரைப்படத்தின் உண்மையான ஆசிரியர் இயக்குநரே என்னும் கருத்து 1950களில் பிரெஞ்சுத் திரை விமர்சகர்களால் வலியுறுத்தப்பட்டது. தயாரிப்பு நிறுவனங்களின் பண்டமாகக் கருதப்பட்ட திரைப்படத்தை ஒருவரது பார்வையின் வெளிப்பாடாகக் காண இக்கருத்து உதவியது. கூட்டுக்கலை என்று கூறுவது இதனை முற்றிலும் மறுப்பதாகாது. பலர் பங்களிப்பதால் யாருடைய பார்வையும் அதில் இல்லை என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஆனால் இயக்குநரின் பணி அனைத்தையும் தாமே செய்வதன்று. ஒரு காட்சியில் எது முன்செல்ல வேண்டும், எவை அதன் வழிநிற்க வேண்டும் என்று முடிவு செய்வதே அவரது படைப்புச் செயலாகும். அவ்வகையில் அவர், அனைத்துக் கருவிகளையும் ஆடலோடு இசைவித்த அரங்கேற்று காதையின் இசையாசிரியனுக்கு ஒப்பானவர்.

பெயர் பெறுதலும் பெயரின்மையும்

அரங்கேற்றத்தின் முடிவில் மாதவி தலைக்கோல் சிறப்பையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறுமான மாலையையும் பெறுகிறாள். அவளை ஆடச்செய்த அறுவரின் தகுதிகளை இத்துணை நுட்பமாகக் கூறிய காப்பியம் அவர்களது பெயர்களைக் கூறவில்லை. கூட்டுக்கலையில் உழைப்பு பலருடையதாகவும் பெயர் சிலருடையதாகவும் அமையும் நிலை பழமையானது என்பதை இதனால் அறியலாம்.

தெருக்கூத்திலும் ஸ்பெஷல் நாடகத்திலும் பெயர் அறிவிக்கப்படாத கலைஞரும் அவையின் கண்முன் இருக்கிறார். மத்தளக்காரரின் கையை அனைவரும் காண்கின்றனர். திரைப்படத்தில் பின்னணிக் குரல் தந்தவரும், விளக்குத் தூக்கியவரும், ஒப்பனை செய்தவரும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே எழுத்தில் இடம்பெறும் பெயர் ஒன்றே அவர்கள் பங்கேற்றமைக்குப் பொதுவெளியில் எஞ்சும் சான்றாகிறது. உடனிகழ் வழிநிற்றலிலிருந்து தொடர்நிகழ் வழிநிற்றலுக்கு மாறியதன் சமூக விளைவு இது.

சட்டமும் இச்சிக்கலை எதிர்கொண்டுள்ளது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரையே கொள்கிறது. இயக்குநர்கூட அச்சட்டப்படி ஆசிரியர் அல்லர். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்புகள் திரையரங்கிற்கு வெளியே பயன்படுத்தப்படும்போது உரிமத்தொகையில் பங்கு பெறும் உரிமையை உறுதிசெய்தது. அதே திருத்தம், திரைப்படத்தில் தற்செயலாகவோ சிறிதளவிலோ தோன்றி, தொழில் வழக்கப்படிப் பெயர்ப்பட்டியலிலும் இடம்பெறாத ஒருவரை, படைப்பு திரிக்கப்படுவதை எதிர்க்கும் உரிமைக்காக அன்றி, நிகழ்த்துகலைஞராகக் கருதவேண்டியதில்லை என்றும் வரையறுத்தது. பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவது மதிப்பு சார்ந்த செய்தி மட்டுமன்று. உரிமை சார்ந்ததும் ஆகும் என்பது இதனால் தெளிவாகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பலர் பங்கேற்பது கூட்டுக்கலையின் புறத்தோற்றம். ஒருவரது செயலால் மற்றவரது செயல் மாற்றம் பெறும் வழிநிற்றலே அதன் உள்ளியல்பு. அரங்கேற்று காதை இவ்வியல்பைக் கலைஞரின் தகுதியாகவே வரையறுத்துள்ளது. நாடகத்தில் வழிநிற்றல் ஒரே காலத்தில், அவையோரின் முன்னிலையில் நிகழ்கிறது. திரைப்படத்தில் அது காலத்தாலும் இடத்தாலும் பிரிந்து நிகழ்ந்து, பின்னர் இணைக்கப்படுகிறது. இப்பிரிவு திரைப்படத்திற்குப் புதிய ஆற்றல்களைத் தந்தது. பல கலைஞர்களைப் பார்வையிலிருந்து மறைக்கவும் செய்தது.

தமிழ் ஆய்வுலகில் நாடகப் பனுவலும் திரைக்கதையும் பாடலும் தொடர்ந்து ஆராயப்படுகின்றன. அச்சில் உள்ளதை ஆராய்வது எளிது. பின்பாட்டு, ஆர்மோனியம், ஒப்பனை, ஒளியமைப்பு, படத்தொகுப்பு, பின்னணிக் குரல் ஆகியவற்றின் செயல்முறை அறிவு பெரும்பாலும் கலைஞர்களின் நினைவிலேயே உள்ளது. முதிய கலைஞர்கள் மறையும்போது அந்நினைவும் மறைந்துவிடும். அவர்களிடம் நேர்காணல் செய்து, யார் எப்போது யாருடைய வழிநின்றனர் என்பதைப் பெயருடன் ஆவணப்படுத்துவது நாடக, திரைப்பட ஆய்வுகளின் உடனடிப் பணியாக அமைதல் வேண்டும்.